இயலாமையும் தவணையும்: வன்னியில் உரிமைக் கோரிக்கையின் வரலாறு

உரிமையொன்று இருத்தல் வேறு. அவ்வுரிமையை உரிய இடத்தில், உரிய படிவத்தில், உரிய தவணைக்குள் கோருதல் வேறு. சட்ட வரலாற்றை எழுதுவோர் முதலாவதையே பெரிதும் ஆராய்வர். இரண்டாவது எழுதுவினைஞரின் மேசைக்குரிய சிறு கருமமென ஒதுக்கப்படுவதுண்டு. ஆயின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து, இச்சிறு கருமமே பல குடும்பங்களின் தலைவிதியைத் தீர்மானித்தமை புலனாகும். அவர்களுடைய கோரிக்கைகளுட் பல, நியாயம் விசாரிக்கப்பட்டுத் தோற்றவையல்ல; விசாரணைக்கு எடுக்கப்படுமுன்னரே வாசலில் நின்றுபோனவை.

இதனை விளங்கிக்கொள்ளச் சட்டமொழியில் வழங்கும் ஒரு சொல் துணைபுரியும். ஆங்கிலச் சட்டத்திலே, போரில் காலிழந்தவனின் உடற்குறையைக் குறிக்கும் சொல்லே, வழக்குத் தொடர முடியாதிருப்பவனின் நிலையையும் குறிக்கும். தமிழில் முன்னதை அங்கவீனம் என்றும் பின்னதை இயலாமை என்றும் பிரித்து வழங்கலாம். யார் யாருக்கு இயலாமை உண்டெனச் சட்டம் ஒப்புக்கொள்கிறதோ, அவர்களுக்கு மட்டுமே தவணை நின்று காத்திருக்கும். ஏனையோருக்கு அது ஓடிக்கொண்டேயிருக்கும். வன்னி மக்கள் அந்தப் பட்டியலில் எப்போது, எவ்வளவுக்கு இடம்பெற்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பிரித்தானியர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிர்செய்யப்படாத நிலம் என்பன, மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என அது அனுமானித்தது. பல ஆண்டு இடைவெளி விட்டுப் பயிரிடப்படும் சேனை நிலமும் கண்டிப் பிரதேசத்துக்கு வெளியே காடாகவும் தரிசாகவுமே கருதப்பட்டது. வன்னிக் கிராமத்தின் அமைப்பை அறிந்தோருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். குளம், குளத்தின் கீழ் வயல், அவற்றைச் சூழ்ந்து காடு. அக்காட்டில் ஒரு துண்டை வெட்டியெரித்து ஒன்றிரண்டு போகம் குரக்கனோ எள்ளோ விதைத்தபின், நிலம் ஆறுவதற்காகப் பல ஆண்டு விட்டுவிடுவர். அவ்விடைவெளி வேளாண்மையின் ஒரு கூறேயன்றிக் கைவிடுதல் அன்று. சட்டமோ அதனைக் கைவிடுதலாகவே கண்டது. நிரூபிக்கும் பொறுப்பு குடியானவன் தலையில் விழுந்தது.

1897 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இவ்வனுமானத்துக்கு ஒரு தவணையையும் கொடுத்தது. குறித்த நிலத்தைப் பற்றி அரசாங்க அதிபர் அறிவித்தல் விடுப்பார். மூன்று மாதத்துள் எவரும் உரிமை கோராவிடின் அந்நிலம் முடிக்குரியதென அறிவிக்கப்படும். 1931 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் முன்னையதன் இடத்தைப் பெற்றபோதும், அறிவித்தலும் மூன்று மாதமும் மாறவில்லை. மலைநாட்டில் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலத்தில் உருவான சிந்தனை இது. அதன் முதல் அடி வன்னியில் விழவில்லை எனினும், தீவு முழுமைக்கும் பொருந்திய சட்டமாதலின் வன்னிக் காடும் அதனுள் அடங்கிற்று. மூன்று மாதமென்பது கொழும்பிலிருந்து பார்ப்பவருக்குத் தாராளமான தவணை. காலபோகத்தின் நடுவே நிற்பவனுக்கு அது விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட பொழுதுகூட அன்று.

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு நிலைமை இன்னொரு வகையில் மாறியது. இரணைமடு, முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ்க் குடியேறியோர் அனுமதிப்பத்திரம் பெற்றே நிலத்தை வைத்திருந்தனர். வன்னியின் விவசாயக் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றின் உரிமை ஒரு தாளாயிற்று. அத்தாளின் பெறுமதி பின்னாளில்தான் தெரிந்தது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டத்தின்படி, வெளியேறுமாறு பணிக்கப்பட்டு நீதவான் நீதிமன்றில் நிற்பவர் சொல்லத்தக்க விடை ஒன்றேயொன்று: செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்துமூல அதிகாரமோ தம்மிடம் உண்டு என்பது. எத்தனை தலைமுறை உழுதார், யார் கிணறு வெட்டினார் என்பன அங்கே செல்லா.

தனியார் உறுதிக் காணிகளைப் பொறுத்தமட்டில் நிலைமையை ஆண்டது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். பிறர் காணியைப் பத்தாண்டு இடையறாது, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் அதனைத் தமதாக்கிக்கொள்ளலாம் என்பது அதன் 3 ஆம் பிரிவின் சாரம். உரிமையாளர் தூங்கிக்கிடந்தார் என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். தூங்கவில்லை, எழ இயலாதிருந்தார் என்போருக்காக 13 ஆம் பிரிவு விலக்களித்தது. பராயமின்மை, மதிக்குறை, சித்தசுவாதீனமின்மை, பித்து, கடல்கடந்திருத்தல் ஆகியன அதில் எண்ணப்பட்டன. வழக்குரிமை முதன்முதல் எழுந்தபோதே இவற்றுள் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். முப்பது ஆண்டு கழிந்துவிட்டால் இவ்விலக்கும் இல்லை.

இப்பட்டியலின் வேர் இங்கிலாந்தின் 1623 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்திற் காணப்படுகின்றது. அச்சட்டம் பராயமடையாதோர், மணமான பெண்கள், சித்தசுவாதீனமற்றோர், சிறையிலுள்ளோர், கடல்கடந்தோர் ஆகியோருக்குக் காலத்தை நிறுத்திவைத்தது. கப்பலேறிச் சென்றவனிடமிருந்து மாதக்கணக்கில் செய்தி வராத உலகிற்கு அது பொருந்தியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வன்னியில் அதன் விளைவோ விசித்திரமானது. தலைமன்னாரிலிருந்து வள்ளமேறி இராமேசுவரம் சேர்ந்த அகதி கடல்கடந்தவர். ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் சட்டத்தரணியுடன் பேசக்கூடியவரும் கடல்கடந்தவர். ஆனால் புதுக்குடியிருப்பை விட்டு ஐந்து முறை இடம்பெயர்ந்து, ஈற்றில் செட்டிகுளத்து முகாமில் முட்கம்பிக்குள் இருந்தவர் எந்த இயலாமைக்கும் உட்பட்டவரல்லர். தீவுக்குள்ளேயே பெயர்ந்தவரைச் சட்டம் தூங்கியவராகவே எண்ணியது.

போர் காலத்தை நிறுத்தும் என்ற கருத்து உலகிற்குப் புதியதன்று. வழக்குத் தொடர இயலாதவனுக்கு எதிராகக் காலம் ஓடலாகாது என்பது ஐரோப்பியச் சட்ட மரபிற் பழையதொரு கொள்கை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின், 1867 இல், ஹாங்கர் எதிர் அபட் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்று, போரினால் நீதிமன்றங்கள் மூடப்பட்டிருந்த காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1945 இல், எதிரிநாட்டில் தடுத்துவைக்கப்பட்டிருந்தோர் முதலியோர் பொருட்டுக் காலவரையறையை இடைநிறுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆண்டிலேயே அது நிகழ்ந்தமை நோக்கற்பாலது.

தவணைக்கும் அங்கவீனத்துக்குமிடையிலான முரண் மிகத் தெளிவாக வெளிப்பட்டது அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் வழக்கிலே. கொரியப் போரில் பணியாற்றிய டேவிட் ஹென்டர்சன் மனச்சிதைவு நோயினால் 1952 இல் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருடைய அங்கவீனம் நூறு வீதமென அரசே ஏற்றிருந்தது. வீட்டுப் பராமரிப்புக்கான மேலதிகக் கொடுப்பனவு 2001 இல் கோரப்பட்டு, மறுக்கப்பட்டு, 2004 இல் மேன்முறையீட்டுச் சபையாலும் நிராகரிக்கப்பட்டது. அடுத்துப் படைவீரர் மேன்முறையீட்டு நீதிமன்றை அணுக 120 நாள் தவணை. அவர் 15 நாள் பிந்தினார். எந்த நோய்க்காக உதவி கேட்டாரோ அந்த நோயே தம்மைப் பிந்தச் செய்ததென்பது அவரது வாதம். நீதிமன்று தனக்கு நியாயாதிக்கம் இல்லையெனக் கைவிரித்தது. 2011 மார்ச்சில் உயர் நீதிமன்று இதனை ஏகமனதாக மாற்றி, படைவீரர் நலனுக்கென அமைந்த முறையில் இத்தவணை நியாயாதிக்கத்தையே அறுக்கும் வாள் அன்று எனத் தீர்த்தது. ஹென்டர்சன் அத்தீர்ப்பைக் காணவில்லை; முந்திய ஆண்டிலேயே இறந்துவிட்டார். வழக்கை அவர் மனைவியே முடித்துவைத்தார். ஆயினும் இவ்விரக்கத்துக்கும் எல்லை உண்டு. 2023 இல் அரெலானோ வழக்கில், நோயுற்ற இன்னொரு படைவீரரின் பிந்திய விண்ணப்பத்துக்காக இன்னொரு தவணையை நீட்ட அதே நீதிமன்று மறுத்தது.

நூறு வீத அங்கவீனத்தை ஏற்றுக்கொண்ட அரசும், முறையான கொடுப்பனவும் இருந்த ஒருவருக்கே இத்தகைய இடர் நேர்ந்ததெனில், வன்னியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வவுனியா நகர் அரசின் பக்கம். அங்கே நீதிமன்றுகள் இயங்கின. வடக்கே புலிகள் தமது சொந்த நீதிமன்றுகளை நிறுவினர். அவற்றின் தீர்ப்புகள் இலங்கைச் சட்டத்தின் கண்ணில் தீர்ப்புகளே அல்ல. ஆதலின் அங்கே தவணைக்குள் வழக்காடியவரும் பின்னர் வழக்காடாதவராகவே எண்ணப்பட்டார். 1995 இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த பெரும் இடப்பெயர்வு, 1996 இலும் 1998 இலும் கிளிநொச்சி கைமாறியமை, 2004 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையைத் துடைத்த ஆழிப்பேரலை, ஈற்றில் 2009 இன் ஐந்து மாதங்கள் என ஒவ்வொன்றும் மக்களோடு அவர்களின் தாள்களையும் அள்ளிச்சென்றது. உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புப் பதிவு, வைத்தியசாலைத் துண்டு யாவும் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டுப் பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்குச் சென்றன. பலவற்றுக்கு மறுபிரதி எடுக்கக் கச்சேரியிலும் பதிவேடு எஞ்சவில்லை.

2009 மே மாதத்துக்குப் பின் கோரிக்கைகள் எழுந்தபோது ஒவ்வொரு வாசலிலும் தாளே கேட்கப்பட்டது. போரில் காயமுற்றோரும் சொத்திழந்தோரும் நட்டஈடு கோருவதற்கென 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த புனர்வாழ்வு அதிகாரசபையும், அதனை அடுத்து 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகமும் இருந்தன. விண்ணப்பம் கிராம அலுவலரின் உறுதிப்பாடு, பிரதேச செயலாளரின் பரிந்துரை, மருத்துவச் சான்று ஆகிய படிகளில் ஏறியே செல்லவேண்டியிருந்தது. எறிகணை வீழ்ந்த வேளையில் தற்காலிக வைத்தியசாலையொன்றின் மண்தரையில் கால் அறுக்கப்பட்டவரிடம் அன்றைய மருத்துவச் சான்றைக் கேட்பது எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. வெட்டப்பட்ட கால் வெளிப்படையாகத் தெரியும். அது எப்போது, எதனால் போயிற்று என்பதற்கே தாள் வேண்டும். வென்ற தரப்பின் அங்கவீனரும் விதியின் எண்களிலிருந்து முற்றாகத் தப்பினாரல்லர் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் காயத்தால் விலகிய படையினர் ஓய்வூதியம் கோரி 2017 இலும் 2018 இலும் கொழும்பில் போராட்டம் நடாத்தினர்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் விடயத்திலே படிவம் இன்னும் கொடியதாயிற்று. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாதிருப்பவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. நட்டஈட்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ காணி மாற்றத்துக்கோ அச்சான்றிதழ் தேவைப்பட்டது. விண்ணப்பத்தில் ஒப்பமிடும் தாய், தன் கண்முன் கையளிக்கப்பட்ட மகன் இறந்துவிட்டான் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தவளாவாள். பலர் மறுத்தனர். 2016 இல்தான் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என்ற மாற்று வந்தது. தாக்கல் விதி நடுநிலையானதொரு நடைமுறை என்பாருக்கு இவ்வாறு ஆண்டுகள் சென்றமையே விடையாகும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவ்வுறவினர் தொடங்கிய தெருவோரப் போராட்டங்கள் சான்றிதழுக்காக அன்று, விடைக்காகவே நிகழ்ந்தன என்பதையும் ஈண்டு மறத்தலாகாது.

காணியைப் பொறுத்தவரை, 2011 இல் காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட 2011/04 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வடக்கு கிழக்கு மக்களைப் படிவம் நிரப்பி உரிமைகளைத் தெரிவிக்குமாறு கேட்டது. பாராளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் நீதிமன்றை நாடியதன் பின் அது கைவிடப்பட்டு, 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதன் இடத்தில் வந்தது. இடம்பெயர்ந்தோரின் இயலாமையைச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டதோ 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டத்தினாலே. போர் முடிந்து ஏழாம் ஆண்டு அது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து கழித்து, இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடர அது இடமளித்தது. பட்டியலில் ஒரு புதிய இயலாமை சேர்ந்தது எனலாம். இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடமாகாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் முல்லைத்தீவு மாவட்டத்தவரும் அடங்குவர். சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் ஊரைவிட்டகன்ற அவர்கள் பத்தாண்டுக்குள் வழக்குத் தொடராமை தூக்கத்தாலன்று என்பதைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டது.

ஆயின் அச்சட்டத்தின் சொற்கள் இறுக்கமானவை. வழக்குத் தொடர இயலாமை 'போராளிப் பயங்கரவாதக் குழு' ஒன்றின் செயல்களால் நேர்ந்திருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் இடம்பெயர்ந்தது இராணுவ நடவடிக்கைகளினால். ஒரே போரில், ஒரே மாவட்டத்தில், ஒரே வகையாக நிலத்தை இழந்த இருவருள், துரத்தியது யார் என்பதைப் பொறுத்து ஒருவருக்கே கடிகாரம் நிற்கும் என்பதே சொற்களின் நேர்ப்பொருள். மேலும் 2009 மே 18 ஆம் நாளோடு இயலாமை முடிந்துவிட்டதெனக் கொள்ளப்பட்டது. அந்நாளின் மறுநாள் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். விலக்கு முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்கு மேல், வீட்டுக்குப் போகாத மனிதருக்கு எதிராகக் காலம் ஓடிற்று. இரண்டாண்டுத் தவணையும் 2018 இல் கழிந்தது.

ஒப்புநோக்குக்காக ஒரு நல்ல ஏற்பாட்டையும் காட்டலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றை ஒரு மாதத்துள் அணுகவேண்டும் என்பது 1978 ஆம் ஆண்டு யாப்பின் 126(2) ஆம் உறுப்புரை. துணுக்காயிலிருந்து கொழும்புக்கு அது மிகக் குறுகிய மாதம். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவோ, அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டவருக்கு, அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்கிறது. அருகிலுள்ள ஒரு வாசலைத் தட்டினால் தொலைவிலுள்ள வாசல் மூடாது. காரணத்தை ஆராயாது, பட்டியலிடாது, தவணையை மனிதரின் நடையளவுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தோர் இதனையே முன்மாதிரியாகக் கொண்டிருக்கலாம்.

1897 இன் மூன்று மாதம் பழங்கதையாகிவிட்டதென எண்ணியோருக்கு 2025 விடையளித்தது. அவ்வாண்டு மார்ச் 28 ஆம் நாள், 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியானது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் அதில் அடங்கிற்று. முல்லைத்தீவின் பங்கு மட்டும் ஏறத்தாழ 1,700 ஏக்கர். மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் நிலம் அரசுக்குரியதாகும். அறிவித்தல் சட்டப்படி முறையானதே. உறுதிகளை ஆழிப்பேரலையிலும் போரிலும் தொலைத்தோரும், கனடாவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் வாழ்வோரும், உரிமையாளர் இறந்து உரித்தாளர் எவரென்றே தீராத குடும்பங்களும் அதே மூன்று மாதத்துள் அடக்கப்பட்டனர் என்பதே முறைப்பாடு. சுமந்திரன் மீண்டும் உயர் நீதிமன்றிற் சென்றார். யூன் 27 இல் நீதிமன்று அவ்வறிவித்தலை இடைநிறுத்தி இடைக்கால ஆணை பிறப்பித்தது. தவணை முடிவதற்கு அப்போது ஒருநாள் எஞ்சியிருந்தது.